சேவை எல்லைக்கு வெளியே

கேட்பவர்களுக்குக் கொழும்பு என்றுதான் சொல்வோம்.
பீட்சாக் கம்பெனி நம்புவதில்லை.
வத்தளைப் பாலம் தாண்டி, மாபோலை தாண்டி
கந்தானைத் தண்டவாளத்தோடு
முடிந்துவிடுகிறது அதன் வரைபடம்.
அதற்கும் இந்தப் பக்கம்
ஒரு தென்னந்தோட்டம், ஒரு மரக்காலை,
வெள்ளவத்தை வாடகை துரத்திவிட்ட நாங்கள்.
'உங்கள் பகுதிக்குச் சேவை இல்லை, மன்னிக்கவும்'
என்று மூன்று மொழியிலும் வருகிறது.
தமிழில் மட்டும் ஓர் எழுத்துப்பிழை.

பேக்கரியில் பீட்சா என்று தந்தது
சீனிப்பாணில் சொசேஜ் புதைத்து
மேலே தக்காளி சோஸால் கோடு கீறியது.
பஸ் தரிப்பிடத்துக் கடையில்
சீஸ் இழுபடவில்லை,
அடியில் கிடந்த தாள்தான் இழுபட்டது.
மூன்றாவது கடையைத் தேடிப் போனபோது
அங்கே ஃபோன் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மச்சமில்லை.
அதுவும் நல்லதுதான்.
கோழியில்லாத பீட்சாவுக்கு
ஒளிந்துகொள்ள இடமில்லை.
மாவு, தக்காளி, சீஸ்,
அவ்வளவும் வெளிச்சத்தில் நிற்கவேண்டும்.

டயர் ஒட்டும் கடைக்காரன்தான் கைகாட்டினான்:
'அண்ணனின்ர கடை, பின்னால.'
தகரக் கூரைக்குக் கீழே
மெர்வின், பெனியனோடு.
நேப்பிள்ஸில் ஒன்பது வருடம் கோப்பை கழுவி
கடைசி இரண்டு வருடம்
அடுப்புக்கு முன்னால் நிற்க விட்டார்களாம்.
ஊர் வந்து தானே செங்கல் அடுக்கிக் கட்டிய அடுப்பு.
உள்ளே இறப்பர் விறகு.
பழைய எண்ணெய் வாளியில் வளருகிறது
துளசிக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு செடி.
மாவைத் தட்டும்போது பேசமாட்டார்.
பேசினால் ஓட்டை விழும் என்றார்,
தட்டி முடித்த பிறகு.

பெயர் கேட்டார்.
குகநேசன் என்றேன்.
அந்த நேரம் பார்த்து கொம்ப்ரசர் இரைந்தது.
'நெல்சன்?'
திருத்தியிருக்கலாம்.
பின்னால் மூன்று பேர் நின்றார்கள்.
அதற்காகத்தானா என்று
அப்போது என்னை நான் கேட்கவில்லை.
பசி.
பெட்டி மூடியில் நீலப் பேனையால்
வட்ட வட்டமாய்ச் சிங்களத்தில் எழுதினார்.
'பதினைந்து நிமிடம். அதற்குப் பிறகு
இதைச் சுட்டது நானில்லை.'

ரயில் கேட் மூடியிருந்தது.
புத்தளம் ரயில் வரும் வரும் என்று
மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.
பெட்டி மடியில்,
காற்சட்டைக்குள்ளால் தொடை வேகுது.
ஆறாவது நிமிடம்.
ஒன்பதாவது.
திறந்தேன்.

விளிம்பில் கறுத்த கொப்புளங்கள்.
நடுவில் ஈரம்.
இலை சுருண்டு தன் எண்ணெயில் கிடந்தது.
ஒரு துண்டை மடித்து வாயில் வைத்தபோது
நாக்கு சுட்டது, இறக்க மனம் வரவில்லை.
பக்கத்து மோட்டார் சைக்கிளில்
வெறும் மீன்பெட்டியோடு ஒருவன்
பார்த்தும் பாராமல் பார்த்தான்.
பெட்டியை அவன் பக்கம் திருப்பினேன்.
என்னவென்று கேட்கவில்லை, எடுத்தான்.
மென்றான். யோசித்தான்.
'உப்பு கொஞ்சம் குறைவு.'

குறைவுதான்.

ரயில் போன பிறகு வீட்டில்
எட்டில் ஆறு மிச்சம்.
தர்சிகா இலையைக் கிள்ளி மணந்து
'துளசியையுமோ சுட்டவங்கள்?' என்றாள்,
என்றவள் அடுத்த துண்டையும் எடுத்தாள்.
பள்ளியில் புதிதாய்ச் சிங்களம் படிக்கும் ஆரபி
எழுத்தைக் கண்டால் விடமாட்டாள்.
சீஸ் ஒட்டிய விரலை மூடியில் வைத்து
கூட்டிக் கூட்டி வாசித்தாள்:
நெ... நெல்... நெல்சன்.

'அப்பா,
வேற ஆற்றயோ பீட்சாவைத்
தூக்கிக்கொண்டு வந்திட்டீங்கள்.'

'சாப்பிடு,' என்றேன்,
'ஆறப்போகுது.'